பருமனைத் திட்டுவதை விட்டுத் தட்டைப் பார்ப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் கடிதப் பகுதியில் ஒரு வாசகர், நம் சமூகத்தில் உடல் பெருத்தவர்கள் கூடிப்போனதற்குச் சோம்பல்தான் காரணம், வாயைக் கட்டத் தெரியாததுதான் காரணம் என்று எழுதியிருந்தார். படித்ததும் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. நான் அரசாங்கக் கிளினிக்கில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பிறந்தது வளர்ந்தது எல்லாம் மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்தின் பத்தாங் பெர்ஜுந்தை, இப்போது பெஸ்தாரி ஜெயா என்கிறார்கள். இத்தனை வருட வேலையில் திட்டு வாங்கி உடம்பு இளைத்த ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. திட்டு வாங்கியவர் அடுத்த தவணைக்குக் கிளினிக் பக்கமே வரமாட்டார், பிறகு ஒரு நாள் கால் விரலில் புண்ணோடுதான் வருவார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சோம்பேறிகள் என்கிறாரே, யாரைச் சொல்கிறார்? எங்கள் ஊரில் எடை கூடியவர்கள் யார் என்று பார்த்தால், இரவு முழுக்க விழித்திருந்து செக்யூரிட்டி வேலை பார்க்கிறவர்கள், விடிவதற்கு முன்பே தொழிற்சாலை பஸ் ஏறிப்போய் இருட்டிய பிறகு வீடு திரும்பும் பெண்கள், ஒரு நாளில் பாதியை லோரியில் உட்கார்ந்தே கழிக்கிறவர்கள். வேலைக்கு அஞ்சுகிறவர்கள் இல்லை. தூக்கம் கெட்டு, நேரம் கெட்டு, கையில் கிடைத்ததைச் சாப்பிட்டு ஓடுகிறவர்கள். தூக்கம் கெட்டாலே பசி கூடும், சீனி அளவும் ஏறும், அதை எந்தத் தாதியும் சொல்வார்.

இது நம் ஊரில் மட்டும் இருக்கும் கதையும் இல்லை. 2019 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினருக்கு எடை கூடுதலாகவோ பருமனாகவோ இருந்தது, 2023இல் அது 54.4 விழுக்காடு. நாட்டில் பாதிப் பேருக்கு மேல் திடீரென்று சோம்பேறி ஆகிவிட்டார்களா? அதே 2019 ஆய்வில் இந்தியர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, இருந்தது, மற்ற இனங்களைவிட இது அதிகம். இவ்வளவு பெரிய விஷயத்தை ஒவ்வொருவர் குணத்தின் மேலும் போட்டுவிட்டு நாம் கை கழுவிக்கொள்ள முடியாது.

உடம்புக்குள்ளே என்னதான் நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது தெரிந்தவர்கள் யாரும் பெருத்தவர்களைத் திட்டமாட்டார்கள். கொழுப்பு என்பது சாப்பிட்டது மிஞ்சிப்போய் வயிற்றில் சும்மா கிடக்கும் மூட்டை என்று வெகு காலம் டாக்டர்களே நினைத்திருந்தார்கள். 1993இல் அமெரிக்காவில் கோகன் ஹோட்டமிஸ்லிகில், புரூஸ் ஸ்பீகல்மன் குழுவினர் பருத்த எலிகளின் கொழுப்பிலிருந்து டிஎன்எஃப் என்கிற அழற்சிப் பொருள் (உள்ளே வீக்கத்தைத் தூண்டுவது) சுரப்பதையும், அது ரத்தச் சீனியைக் குறைக்கும் இன்சுலினின் வேலையைக் கெடுப்பதையும் காட்டினார்கள். அடுத்த வருடமே ஜெஃப்ரி ஃபிரீட்மனின் ஆய்வகத்தில் லெப்டின் கண்டுபிடிக்கப்பட்டது, உடம்பில் கொழுப்புச் சேமிப்பு போதும் என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன், அதைச் சுரப்பதும் கொழுப்புச் செல்கள்தான். அதாவது நம் தொப்பை ஒரு சுரப்பி. சும்மா கிடப்பதில்லை, இரவும் பகலும் உடம்போடு பேசிக்கொண்டே இருக்கிறது.

அப்புறம் 2003இல் இன்னொன்று தெரியவந்தது. கிருமிகளை விழுங்குவதற்கென்றே நம் உடம்பில் மேக்ரோஃபேஜ் என்ற காவல் செல்கள் உண்டு. மெலிந்த உடம்பின் கொழுப்பில் இருக்கும் செல்களில் இவை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பருத்த மனிதர்களின் கொழுப்பில் 40 விழுக்காடு வரைகூட இருக்கும். ஏன் அங்கே போய்க் குவிகின்றன? தோட்டத்தில் ஓர் அறை லயத்து வீட்டில் இரண்டு குடும்பம் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தால் காற்று போதாமல் மூச்சு முட்டுமே, கொழுப்புச் செல் அளவுக்கு மீறி ஊதினால் அதற்கும் அந்தக் கதிதான். ரத்தம் சரியாக எட்டாமல் சில செல்கள் செத்துப்போகும், செத்ததை அப்புறப்படுத்தக் காவல் செல்கள் வரும், வந்தவை திரும்பிப் போகாமல் அங்கேயே தங்கி அழற்சிப் பொருள்களைக் கொட்டிக்கொண்டிருக்கும். காய்ச்சல் கிடையாது, வலி கிடையாது, வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே மட்டும் வருடக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். இதனால் இன்சுலின் சொன்னால் தசையும் ஈரலும் கேட்காது, ரத்தத்தில் சீனி தங்கும், இடம் கிடைக்காத கொழுப்பு ஈரலில் போய்ப் படியும்.

காவல் செல்கள் இப்படி ஓர் இடத்திலேயே ஓயாமல் கிளர்ந்து கிடந்தால், உண்மையான கிருமி வரும்போது வேலை ஒழுங்காக நடக்காது. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஃபுளூ தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, பருமன் உள்ளவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி முதலில் நன்றாகவே ஏறி ஒரு வருடத்துக்குள் மற்றவர்களைவிட வேகமாக இறங்கிவிட்டது. இனிப்பு நீர் உள்ளவருக்குக் காசநோய் வரும் ஆபத்து இரண்டு மூன்று மடங்கு. கோவிட் காலத்தில் யார் யார் மூச்சுக்குத் திணறினார்கள் என்பது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். சின்ன முள் குத்திய புண் மாதக்கணக்கில் ஆறாமல் போவதும் இதன் ஒரு பகுதிதான். கிளினிக்கில் புண்ணுக்குக் கட்டுப்போடும் அறையில் நின்றவர்களுக்குத் தெரியும், அங்கே வருகிறவர்களில் எத்தனை பேர் நம் ஆட்கள் என்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம்மவர்கள் பலர் பார்வைக்குக் குண்டாகவே இருக்கமாட்டார்கள், கை கால் குச்சிபோல, வயிறு மட்டும் முன்னால் நிற்கும். தெற்காசிய உடம்பு கொழுப்பைக் குடலையும் ஈரலையும் சுற்றி வைத்துக்கொள்கிறது, தசையும் நமக்குக் கொஞ்சம் குறைவு. அதனால்தான் நம் நாட்டு மருத்துவ வழிகாட்டியில் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 23 தொட்டாலே கூடுதல் எடை, 27.5 தொட்டால் பருமன் என்று வைத்திருக்கிறார்கள். எடை மெஷின் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தையல்காரர் டேப் போதும். ஆணுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதைத் தாண்டினால் கிளினிக்குக்குப் போய் ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. உடம்பு இளைத்தால்தான் பலன் என்று எல்லாரும் நினைக்கிறோம், இரண்டு மாதம் முயன்று மெஷினில் முள் அசையாவிட்டால் வெறுத்துப்போய் விட்டுவிடுகிறோம். ஆனால் சாப்பாடு மாறினால் உடம்பின் உள்வேலை எடை மாறுவதற்கு முன்பே மாறத் தொடங்கிவிடும். அமெரிக்க தேசியச் சுகாதாரக் கழகத்தில் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் பால், முட்டைகூட இல்லாத முழுச் சைவமும் இரண்டு வாரம் மாவுச்சத்து மிகக் குறைவான கொழுப்புச் சாப்பாடும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள், முடிவு 2024இல் வெளியானது. அந்த இரண்டே வாரத்தில் ரத்தத்தின் எதிர்ப்புச் செல்கள் மாறிப்போயின, சைவத்துக்கு ஒரு விதமாகவும் மற்றதற்கு வேறு விதமாகவும். நியூகாசலில் ராய் டெய்லர் 2011இல் செய்த ஆய்வில் 11 நீரிழிவு நோயாளிகள் மிகக் குறைந்த கலோரியில் இருந்தார்கள். ஒரே வாரத்தில் காலைச் சீனி அளவு சாதாரண நிலைக்கு வந்தது, ஈரல் கொழுப்பு 30 விழுக்காடு குறைந்தது. அது டாக்டர் கண்காணிப்பில் நடந்தது, யாரும் வீட்டில் தானாகச் செய்து பார்க்க வேண்டாம். ஆனால் ஈரல் எவ்வளவு சீக்கிரம் மனசு மாறுகிறது பாருங்கள்.

நம் ஆட்களைப் பற்றியே ஓர் ஆய்வு இருக்கிறது. சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை வைத்துச் செய்தது, 2006இல் வந்தது. மூன்று வருடத்தில், வெறும் பொது ஆலோசனை பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்துவிட்டது, சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களில் 39 விழுக்காட்டினருக்குத்தான் வந்தது. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அவர்களுக்கு எடை பெரிதாக ஒன்றும் குறையவில்லை. முள் அசையாமலே நோய் தள்ளிப்போனது. இதை நம் கிளினிக் சுவரில் தமிழில் எழுதி ஒட்டவேண்டும் என்று எனக்கு ஆசை.

இளைத்தவர் மறுபடி பெருத்தால் ஊரே சிரிக்கிறது. ஏன் பெருக்கிறார்? மெல்பர்னில் 2011இல் வந்த ஆய்வு ஒன்று, பட்டினிபோல் இருந்து எடை குறைத்தவர்களுக்கு ஒரு வருடம் கழித்தும் பசி ஹார்மோன்கள் கூடியபடியே இருந்ததைக் காட்டியது. உடம்பு பழைய எடைக்கே இழுக்கிறது. 2024இல் சூரிக்கில், கொழுப்புச் செல்கள் தாங்கள் பருத்திருந்ததை இளைத்த பிறகும் நினைவில் வைத்திருப்பதாகக் கண்டார்கள். இவ்வளவு இழுப்பையும் எதிர்த்து ஒருவர் ஐந்து கிலோ குறைத்து அப்படியே வைத்திருந்தால் அவரைப் பாராட்ட வேண்டும், இரண்டு கிலோ திரும்பி வந்தாலும் அவர் தோற்கவில்லை.

எங்கள் தாத்தா பாட்டி காலத்தில் இந்த நோய் இல்லையே என்று சிலர் சொல்வார்கள். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் விடியும் முன்பே பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், நூற்றுக்கணக்கான மரங்களுக்கு நடந்து, வாளி தூக்கி, மத்தியானம் வீடு வந்து சோறும் பருப்பும் லயத்துக்குப் பின்னால் பறித்த முருங்கைக்கீரையும் கருவாடும் சாப்பிட்டார்கள். அதற்காக அது பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். ரத்தச்சோகை, பூச்சி வயிறு, சம்சு குடித்துச் செத்தவர்கள் எல்லாம் அந்தக் காலத்தில்தான். ஆனால் அந்த உழைப்புக்கு அந்தச் சோறு சரியாக இருந்தது. தோட்டம் துண்டானது, கித்தா (ரப்பர்) போய்ச் செம்பனை வந்தது, மக்கள் அடுக்குமாடிக்குப் போனார்கள், கீரைப்பாத்தி போனது, நடை போனது, சோறு மட்டும் அதே மலையாகத் தட்டில் நிற்கிறது. கூடவே புதிதாக மீ கோரிங், ரொட்டி சானாய், பாக்கெட் மீ, டின் தண்ணீர் (டின்னில் விற்கும் இனிப்புப் பானம்).

பாக்கெட், டின் சாப்பாடு ஏன் ஆளை விழுங்குகிறது என்பதையும் அளந்திருக்கிறார்கள். 2019இல் கெவின் ஹால் என்பவர் 20 பேருக்கு இரண்டு வாரம் ஆலைச் சாப்பாடு, இரண்டு வாரம் வீட்டில் சமைப்பதுபோன்ற சாப்பாடு கொடுத்து, வேண்டிய அளவு சாப்பிடச் சொன்னார். சீனி, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஒரே அளவாகப் பரிமாறியும், ஆலைச் சாப்பாட்டில் ஒரு நாளைக்கு 500 கலோரி கூடச் சாப்பிட்டார்கள், ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக எடையும் ஏறிவிட்டது. அதே ஆட்கள்தான், சாப்பாடுதான் வேறு. இதற்குப் பிறகும் வாயைக் கட்டு என்று சொல்வது சரியா?

குடலுக்குள் வாழும் கிருமிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பருப்பு, பயறு, கீரை, காய் இவற்றின் நாரை அவைதான் சாப்பிட்டு பியூட்டிரேட் என்ற அமிலத்தைத் தருகின்றன, குடல் சுவரின் செல்கள் அதைத் தின்றுதான் வாழ்கின்றன, எதிர்ப்புச் செல்களை அடக்கி வைப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2021இல் 10 வாரம் தயிர், கேஃபிர், கிம்ச்சி மாதிரி புளித்த உணவு கூடுதலாகச் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் 19 அழற்சிப் புரதங்கள் குறைந்தன. நமக்குத் தயிரும் மோரும் இருக்கிறது, சீனி போடாமல் குடித்தால். இட்லி நல்லதுதான், ஆனால் ஆவியில் வேகும்போது மாவைப் புளிக்கவைத்த கிருமிகள் செத்துவிடும், அதனால் இட்லியை மோர்க் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு, காசு கூடச் செலவாகாத விஷயங்களையே சொல்கிறேன். முதலில் தேநீர். கெட்டிப்பாலில் பாதி சீனிதான், நான்கு வேளை தே தாரே (ஆற்றிய பால் தேநீர்) குடித்தால் ஒரு நாளைக்கு வேண்டிய சீனி அதிலேயே முடிந்து மேலும் போகும். கடையில் முதல் வாரம் 'குராங் மானிஸ்' (இனிப்பு குறைவாக) சொல்லுங்கள், பிறகு 'தே ஓ கோசோங்' (பாலும் சீனியும் இல்லாத தேநீர்). நாக்கு கொஞ்ச நாள் முரண்டு பிடிக்கும், பிறகு பழகிவிடும். டின் தண்ணீருக்கு அரசாங்கம் 2019இல் லிட்டருக்கு 40 காசு வரி போட்டது, அதற்குப் பிறகு உயர்த்தியும் விட்டது, நல்லதுதான், ஆனால் ஒட்டுக்கடைத் தேநீருக்கும் சிராப் தண்ணீருக்கும் அந்த வரி எட்டாது.

அடுத்து தட்டு. சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' நல்ல கணக்கு, கால் தட்டுச் சோறு, கால் தட்டு மீனோ கோழியோ பருப்போ, பாதித் தட்டு காய்கறி. நம் வீட்டில் இது தலைகீழாக இருக்கிறது, சோறு பாதிக்கு மேல், காய் ஒரு கரண்டி. கங்கோங், பாயாம், பயற்றங்காய், வெண்டை எல்லாம் இரவுச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும். தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி) ஒரு துண்டு மலாய்க்காரர் கடையில் வாங்கிச் சாம்பாரில் போட்டுப் பாருங்கள், நார்ச்சத்தும் புரதமும் சேர்ந்து வரும், சுவையாகவும் இருக்கும். மீனில் கெம்போங் போதும், சால்மன் தேட வேண்டாம். சாப்பிடும் வரிசையையும் மாற்றலாம். காயும் மீனும் முதலில், சோறு கடைசியில். நியூயார்க்கில் 2015இல் நீரிழிவு நோயாளிகளிடம் இதைச் சோதித்தபோது, அதே சாப்பாட்டுக்கே சாப்பிட்ட பிறகு ஏறும் சீனி நன்றாகக் குறைந்தது. சாப்பிட்டதும் பத்து நிமிடம் வீட்டைச் சுற்றி நடந்தால் இன்னும் நல்லது.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களும் கிளிக்கிளசைட் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரிடம் சொல்லாமல் சோற்றைத் திடீரென்று பாதியாக்காதீர்கள், விரதமும் இருக்காதீர்கள். மருந்து அதே அளவில் இருக்கும், சாப்பாடு குறையும், சீனி ஒரேயடியாக இறங்கி மயங்கி விழுவீர்கள். கிளினிக்கில் முதலில் பேசுங்கள், மருந்தைக் குறைத்துத் தருவார்கள். மருந்து குறைவது நல்ல சகுனம்தான். அதேபோல் வாட்ஸ்அப்பில் சுற்றும் பொடி, கசாயத்தை நம்பிக் கிளினிக் மாத்திரையை நிறுத்தவே கூடாது.

இவ்வளவும் ஒரு வீடு தனியாகச் செய்துவிடும் என்று நான் நம்பவில்லை. பத்து மணி நேரம் வேலை பார்த்து வருகிற அம்மா காய் நறுக்கிக்கொண்டு நிற்க முடியாது, பக்கத்துக் கடையில் விற்பதைத்தான் வாங்குவார். ஆகவே பொதுவில் சமைக்கிறவர்கள்தான் முதலில் மாற வேண்டும் என்பது என் எண்ணம். தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலை, கல்யாண மண்டபம், கோயில். முக்கியமாகக் கோயில், ஏனென்றால் திருவிழாவுக்கு ஊர் முழுக்க ஒரே பந்தியில் உட்காருகிறது. அங்கே வெள்ளைச் சோறு மலையாகப் போட்டு, உருளைக்கிழங்குப் பிரட்டல், அப்பளம், பாயசம், போகும்போது கையில் ஒரு கப் சிவப்புச் சிராப். பந்தியில் இருக்கும் மூன்றில் ஒருவருக்கு இனிப்பு நீர் என்று தெரிந்தும் இதைத்தான் பரிமாறுகிறோம். அன்னதானம் போடுகிறவர்கள் மனசு தங்கம், அதில் சந்தேகமே இல்லை. அந்த மனசோடு சோற்றை ஒரு கரண்டி குறைத்து, கடலைச் சுண்டலும் கீரைக்கூட்டும் ஒரு கரண்டி கூட்டி, சிராப்புக்குப் பதில் நீர்மோர் வைத்தால், சாமி கோபித்துக்கொள்ளாது. சுண்டல் நம் கோயிலுக்குப் புதிதும் இல்லை.

எங்கள் ஊர்க் கோயில் நிர்வாகத்திடம் அடுத்த திருவிழாவுக்கு முன்பே இதை எழுத்தில் கொடுக்கப் போகிறேன், தோழிகள் சிலரும் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். செலவு எவ்வளவு கூடும் என்றுதான் அவர்கள் முதலில் கேட்பார்கள். உங்கள் வாசகர்களில் யாராவது தங்கள் ஊர்க் கோயிலில் சுண்டல், மோர் என்று மாற்றிப் பரிமாறியிருந்தால், ஐந்நூறு பேருக்கு எத்தனை கிலோ கடலை ஊறவைத்தார்கள், மோர் வெயிலில் திரியாமல் எப்படி வைத்திருந்தார்கள், மொத்தம் எத்தனை வெள்ளி ஆனது என்று இந்தப் பகுதிக்கே எழுதினால் எனக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற தாதி,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்